பக்கத்து வீட்டுத் தட்டு வெறுமையாய்த் திரும்பலாமா?



டிசம்பர் பிறந்துவிட்டால் குரோம்பேட்டைத் தெருக்களில் காகித நட்சத்திரங்கள் ஏறிவிடுகின்றன. ராதா நகரிலும் அஸ்தினாபுரத்திலும் நாகல்கேணியிலும் அடுக்ககங்களின் பால்கனிகளில் அவை மின்னுகின்றன. அதே அடுக்ககங்களில்தான் நாமும் குடியிருக்கிறோம். ரமளானில் நாம் அனுப்பிய நோன்புக் கஞ்சியையும் பெருநாளன்று அனுப்பிய பிரியாணியையும் மகிழ்வுடன் ஏற்றுக்கொண்ட பக்கத்து வீட்டார், கிறிஸ்துமஸ் காலையில் கேக்கும் அச்சுமுறுக்கும் கல்கலும் அடுக்கிய தட்டோடு நம் வாசலில் வந்து நிற்கின்றனர்.

வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது தமிழ் வீடுகளில் வழக்கமன்று. வேறொன்றும் இல்லையெனில் ஒரு பிடிச் சர்க்கரையையேனும் வைத்துத் தருவதே நம் பாட்டிமார்கள் கற்றுத் தந்த பண்பு. ஆயினும் இந்த ஒரு தட்டைப் பொறுத்தவரை நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் ஒரு தயக்கம் காணப்படுகிறது. பெற்றுக்கொள்ளலாமா, திருப்பி ஏதேனும் கொடுக்கலாமா, கொடுத்தால் அது மார்க்கத்திற்கு மாறாகிவிடுமா என்ற ஐயம் எழுகிறது. ஐயம் எழுவது நல்லதே; ஈமானைக் குறித்த கவனத்தின் அடையாளம் அது. ஆனால் அந்த ஐயத்திற்கு விடை தேடாமல் கதவைப் பாதி திறந்து, தட்டை வாங்கிக்கொண்டு, மறுநாள் கழுவி வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எவ்வகையிலும் நல்லதன்று. நம் அகீதாவை அந்த வீட்டார் அறியமாட்டார்கள். நம் முகத்தை மட்டுமே அவர்கள் காண்கிறார்கள்.

இது குறித்து நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கிறிஸ்தவ அண்டை வீட்டாருக்கு நாம் அன்பளிப்பு வழங்கலாம், வழங்கவும் வேண்டும். அதைப் பண்டிகைக்குச் செலுத்தும் மரியாதையாக அல்லாமல், அண்டை வீட்டாருக்குரிய உரிமையாக வழங்க வேண்டும். அவர்களுடைய அந்த வாரத்திற்கு எது உண்மையிலேயே பயன்படுமோ, அதைத் தேர்ந்து வழங்க வேண்டும்.

மார்க்கம் காட்டும் வழி

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் தொடர்ந்து வலியுறுத்தி வந்ததால், அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று தாம் எண்ணும் அளவுக்கு ஆகிவிட்டதாக நபி (ஸல்) அவர்கள் கூறியதைப் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்கின்றன. அதில் முஸ்லிமான அண்டை வீட்டார் என்ற நிபந்தனை இல்லை. இதை நபித்தோழர்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதற்கு அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் செயலே சான்று. அவர்களது இல்லத்தில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதற்கு மேற்கண்ட நபிமொழியையே காரணமாகவும் சொன்னார்கள். திர்மிதீயிலும் அபூதாவூதிலும் இதைக் காணலாம்.

அன்பளிப்புக்கும் முன்மாதிரிகள் உள்ளன. தமக்குக் கிடைத்த விலையுயர்ந்த ஆடை ஒன்றை, மக்காவில் இணைவைப்பவராகவே இருந்த தம் சகோதரருக்கு உமர் (ரலி) அவர்கள் அனுப்பிவைத்தார்கள். தபூக் பயணத்தின்போது அய்லா நாட்டு மன்னர் நபி (ஸல்) அவர்களுக்கு வெண்ணிறக் கோவேறு கழுதை ஒன்றை அன்பளிப்பாக அளித்தார்; நபியவர்கள் அவருக்கு மேலாடை ஒன்றை அளித்தார்கள். இவ்விரண்டும் புகாரீயில் இடம்பெற்றவை. மார்க்கத்தின் பெயரால் நம்மோடு போரிடாத, நம்மை நம் இல்லங்களிலிருந்து வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று சூரா அல்மும்தஹினாவின் 8ஆம் வசனம் தெளிவுபடுத்துகிறது.

இனி, கருத்து வேறுபாடு உள்ள இடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிற சமயத்தாரின் பண்டிகை நாளில், அந்த நாளைக் கண்ணியப்படுத்தும் எண்ணத்தோடு அன்பளிப்பு வழங்குவதை முற்கால அறிஞர்கள் பலர் கடுமையாகத் தடுத்துள்ளனர். அத்தகைய பண்டிகைகளில் பங்கேற்பதை எதிர்த்துத் தனி நூலே எழுதியவர் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்). ஆயினும் பண்டிகை நாளில் அவர்கள் தரும் அன்பளிப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்பதை அவரும் அனுமதித்துள்ளார். வாழ்த்துச் சொல்வதை இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) தடுத்தார். நம் காலத்து ஐரோப்பிய ஃபத்வா ஆய்வு மன்றம் அதை அனுமதித்தது. இரு தரப்பிலும் அறிஞர்கள் இருக்கின்றனர். தம் மனம் எந்தக் கருத்தில் அமைதி பெறுகிறதோ, அதை ஒவ்வொரு குடும்பமும் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது முறை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த விவாதம் முழுவதும் அந்த நாளைக் கண்ணியப்படுத்துவது பற்றியதே. அந்த மனிதருக்கு நன்மை செய்வது பற்றியது அன்று. பேணுதலான கருத்தைப் பின்பற்றும் குடும்பத்திற்கும் வழி திறந்தே இருக்கிறது. அன்பளிப்பை ஒரு வாரம் முன்னரோ, நான்கு நாள் பின்னரோ கொடுக்கலாம். கிறிஸ்துமஸ் என்ற சொல்லே அதில் இல்லாமலும் கொடுக்கலாம். நாளைக் குறித்த பேணுதல், ஆளைக் கைவிடுவதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

நம் ஊர் நமக்குக் கற்பித்தது

குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததே குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால்தான். நாகல்கேணியிலும் பல்லாவரத்திலும் பெருகிய தோல் தொழிலோடு நம் சமுதாயத்தின் உழைப்பும் முதலீடும் பின்னிக் கிடக்கின்றன. வடக்கே பரங்கிமலை, தெற்கே 1937 முதல் தாம்பரத்தில் இயங்கிவரும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. இவ்விரண்டுக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த நகரம் இது. திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வேலை தேடி வந்த கிறிஸ்தவக் குடும்பங்களும், கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வந்த நம் குடும்பங்களும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகின்றன.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை இப்பகுதியில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அடையாற்றின் கரையோரங்களில் மாடிகளில் தஞ்சம் புகுந்தவர்கள், யார் வீட்டு மாடி என்று பார்த்து ஏறவில்லை. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கோயில் மண்டபங்களும் எல்லோருக்குமாகத் திறந்தன. அவ்வாண்டு மீலாது நபி டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸ் மறுநாள். ஈரம் காயாத சுவர்களுக்கு நடுவே இரு நாட்களும் அடுத்தடுத்து வந்து போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே தெருக்கள், அதே தண்ணீர், அதே படிக்கட்டுகள்.

தண்ணீர் வந்த நாளில் கதவைத் தட்டும் உரிமை நமக்கு இருந்தது. தண்ணீர் வடிந்த பின்னும் அந்த உரிமையைக் காத்து வைப்பது எப்படி? அதற்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய எளிய வழிகளுள் ஒன்றுதான் அன்பளிப்பு.

எதைக் கொடுக்கலாம்?

கடையில் பளபளக்கும் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கும் பெட்டியை வாங்கி நீட்டிவிட்டு வருவது எளிது. ஜி.எஸ்.டி. சாலையின் பெரிய கடைகளில் அதற்குக் குறைவில்லை. ஆனால் அண்டை வீட்டாரை அறிந்து கொடுப்பதே ஹதியாவின் அழகு. நம் ஊரிலும் நம் வீட்டிலும் கிடைப்பவற்றைக் கொண்டே சில வழிகளை இங்கே எண்ணிப் பார்க்கிறோம்.

பேரீச்சம்பழம். நம் வீடுகளில் எந்நாளும் இருப்பது. ஹலால் குறித்த ஐயம் இல்லாதது. முதியோரும் குழந்தைகளும் உண்ணக் கூடியது. அதற்கும் மேலாக ஒரு பொருத்தம் உண்டு. ஈஸா (அலை) அவர்களைப் பெற்றெடுக்கும் வேதனையில் மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தின் அடியில் ஒதுங்கியதையும், அம்மரத்தை உலுக்குமாறு கூறப்பட்டதையும், கனிந்த பழங்கள் உதிர்ந்ததையும் சூரா மர்யம் விவரிக்கிறது. தம் வேதத்தில் இல்லாத இக்காட்சி நம் வேதத்தில் இருப்பதைப் பல கிறிஸ்தவர்கள் அறிந்ததில்லை. நாமாக விரிவுரை நிகழ்த்த வேண்டியதில்லை. ஏன் பேரீச்சம்பழம் என்று அவர்கள் கேட்டால் இரண்டு வாக்கியங்களில் சொல்லலாம். அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஓதிக் காட்டியதும் இதே சூராவைத்தான். அந்தக் கிறிஸ்தவ மன்னரின் கண்கள் கலங்கின.

ஊறவைக்கும் காலத்தில் ஒரு பொட்டலம். வீட்டிலேயே கேக் செய்யும் குடும்பங்கள் நவம்பரிலேயே உலர் பழங்களை ஊறவைத்துவிடும். அந்த நேரத்தில் முந்திரி, திராட்சை, பாதாம், அத்திப்பழம் கலந்த ஒரு பொட்டலத்தைக் கொடுத்துப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருவோரின் பெட்டிகளில் இவை எப்படியும் இருக்கும். அக்கா, எங்களுக்கு ரம் சேர்க்காமல் திராட்சைச் சாற்றில் ஊறவைத்து ஒரு சிறு கேக் செய்து தருவீர்களா என்று உரிமையோடு கேட்கவும் அதுவே சரியான வேளை. டிசம்பர் 25 அன்று தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு இதில் மது இருக்கிறதா என்று விசாரிப்பதைவிட, ஒரு மாதம் முன்னர் இப்படிச் சொல்வது இரு தரப்புக்கும் கண்ணியமானது. நம் தேவையை அறிந்து தனியே செய்து தரும் கேக், அவர்கள் நமக்குத் தரும் உண்மையான அன்பளிப்பாகிவிடும்.

நம் ஊர்ப் பலகாரம். கிறிஸ்துமஸ் வாரத்தில் அவர்கள் வீட்டில் முறுக்கும் முந்திரிக்கொத்தும் நிறைந்திருக்கும். அங்கே மேலும் ஒரு கிலோ மைசூர்பாகு போய்ச் சேர்ந்தால் அது ஒரு சுமையே. அவர்களிடம் இல்லாததைக் கொடுப்போம். கீழக்கரைக் குடும்பமாயின் தொதல், காயல்பட்டினத்தாராயின் வட்டிலப்பம், ஆற்காட்டுப் பக்கத்தாராயின் மக்கன் பேடா. சிறிய அளவே போதும். ஆட்டின் குளம்பாயினும் அண்டை வீட்டுப் பெண் கொடுப்பதை இழிவாகக் கருத வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் பெண்களை விளித்தே அறிவுறுத்தினார்கள். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் பொருந்தும் அறிவுரை அது.

நெய்தவர் கை மணக்கும் பொருள். பல்லாவரத்தை அடுத்த அனகாபுத்தூரின் நெசவாளர்கள் ஒரு காலத்தில் நைஜீரியாவுக்கு ஏற்றுமதியான மெட்ராஸ் கைக்குட்டைத் துணியை நெய்தவர்கள். அந்த வணிகம் சரிந்தபின் வாழைநார் முதலிய இயற்கை நார்களைக் கலந்து துணி நெய்யத் தொடங்கினர். நமக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவர்களிடமிருந்து ஒரு துணியை வாங்கிக் கொடுத்தால், ஓர் அன்பளிப்பில் இரு அண்டை வீடுகள் மகிழும். திருநெல்வேலிப் பக்கம் சொந்தமுள்ளோர் பத்தமடைப் பாய் வாங்கி வரலாம். கோரையை நூலினும் மெல்லிதாகக் கிழித்து நெய்யும் அக்கலையை நம் சமுதாயப் பெண்களே தலைமுறைகளாகக் காத்து வருகின்றனர். புவிசார் குறியீடு பெற்ற பாய் அது. புதுமணத் தம்பதியர் பக்கத்து வீட்டில் இருந்தால் இதைவிட நல்ல பரிசு அரிது.

சந்தையிலிருந்து ஒரு செடி. வெள்ளிதோறும் பல்லாவரத்தில் கூடும் சந்தையில் செடிகள் வாங்காதவர் நம்மில் குறைவு. ஜுமுஆவுக்கு முன்னரோ பின்னரோ அவ்வழியே சென்று ஒரு கறிவேப்பிலைக் கன்றோ துளிர்விட்ட எலுமிச்சையோ வாங்கி, மண் தொட்டியில் வைத்துக் கொடுக்கலாம். கேக் நான்கு நாளில் தீர்ந்துவிடும். செடி ஆண்டெல்லாம் பால்கனியில் நிற்கும். நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அதுவும் தர்மம் என்பது நாம் அறிந்ததே.

கைகளால் தரும் அன்பளிப்பு. பணமே செலவாகாத பரிசுகளும் உண்டு; அவைதாம் பெரும்பாலும் நெஞ்சில் நிற்கின்றன. கிறிஸ்துமஸ் விடியற்காலையில் கறிக்கடை வரிசை தெருமுனை வரை நீளும். நள்ளிரவு ஆராதனை முடிந்து களைத்து உறங்கும் அந்த வீட்டாருக்காக, ஃபஜ்ர் தொழுது திரும்பும் வழியில் நாமே வரிசையில் நின்று கறி வாங்கிக் கொடுக்கலாம். அப்படி வாங்கிய கறியில் சமைத்த பிரியாணி நம் வீட்டுக்கும் ஐயமின்றி வரும். நம்மிடமுள்ள பெரிய தேக்சாவையும் அடுப்பையும் இரவல் கொடுத்து, தம் போடும் பக்குவத்தையும் சொல்லிக் கொடுக்கலாம். பாய் வீட்டுப் பிரியாணி என்று ஊரெல்லாம் புகழும் அந்தக் கைப்பக்குவத்தை ஒரு வேளை அவர்கள் அடுப்படிக்கே கொண்டு செல்வதும் ஓர் அன்பளிப்பே. 24ஆம் தேதி இரவு அவர்கள் ஆராதனைக்குச் செல்லும்போது, நடக்க இயலாத பாட்டி வீட்டில் இருந்தால் அவருக்குத் துணையாக நம் வீட்டுப் பெண்கள் இருக்கலாம். பூட்டிய வீட்டின் மீது ஒரு கண் வைத்திருக்கலாம். விருந்தினர் வண்டி நிறுத்த நம் இடத்தை அந்த ஒரு நாள் விட்டுக் கொடுக்கலாம். நகரத்தில் வண்டி நிறுத்தும் இடத்தைவிட விலையுயர்ந்த பரிசு எது!

துக்க வீடு. இது பலரும் கவனிக்காத ஒன்று. அவ்வாண்டு ஓர் உயிர் பிரிந்த வீட்டில் பலகாரம் சுடுவதில்லை, நட்சத்திரமும் ஏறுவதில்லை. தெரு முழுதும் ஒளிரும்போது அந்த ஒரு பால்கனி இருண்டிருக்கும். ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்களது குடும்பத்தார் துயரில் மூழ்கியிருப்பதால் அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்த சுன்னத்தை உயிர்ப்பிக்க இதைவிடத் தகுந்த வாசல் எது? பண்டிகை என்ற பேச்சே எடுக்காமல், ஒரு வேளை உணவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, சற்று நேரம் அமர்ந்து, இறந்தவரைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவோம். அங்கே எந்த ஃபத்வா விவாதத்திற்கும் இடமில்லை.

ஊர் விட்டு வந்தோர். நம் பகுதியின் மருத்துவமனைகளில் பணிபுரியும் கேரளச் செவிலியர்கள், அழகு நிலையங்களிலும் உணவகங்களிலும் உழைக்கும் மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் இளைஞர்கள், விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் ஆகியோருள் கிறிஸ்தவர் பலர். விடுப்புக் கிடைக்காமல் அந்த நாளையும் அறையிலேயே கழிப்போர் உண்டு. நெருங்கிய அண்டை வீட்டாரையும் தொலைவிலுள்ள அண்டை வீட்டாரையும் மட்டுமன்றி, பக்கத்தில் உடனிருக்கும் தோழரையும் சூரா அந்நிஸாவின் 36ஆம் வசனம் நன்மைக்கு உரியவராக எண்ணுகிறது. மேல்மாடியில் அறை எடுத்துத் தங்கியிருப்பவரை மதிய உணவுக்கு அழைப்பது அந்த வசனத்தின் நடைமுறை விளக்கமாகும். வெளிநாட்டில் தனித்துப் பெருநாள் கழித்த நம் பிள்ளைகளுக்கு அந்த அழைப்பின் அருமை தெரியும்.

எவற்றைத் தவிர்க்கலாம்?

சிலுவை, குடில் பொம்மை, கிறிஸ்துமஸ் தாத்தா உருவம் போன்றவற்றை நாம் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. நம் நம்பிக்கைக்குப் பொருந்தாதவை அவை. அவற்றைக் கொடுத்தால்தான் அன்பு புலப்படும் என்று எந்த அண்டை வீட்டாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. நாம் நாமாக இருந்துகொண்டு கொடுக்கும் பொருளையே அவர்கள் மதிப்பார்கள்.

அதேபோல், அன்பளிப்புப் பெட்டிக்குள் அழைப்புப் பணித் துண்டுப்பிரசுரத்தை மடித்து வைக்கும் பழக்கத்தையும் தவிர்க்க வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. நம் பெருநாளன்று ஒருவர் இனிப்புப் பெட்டியோடு தம் சமயப் பிரசுரத்தையும் வைத்து அனுப்பினால் நாம் எவ்வாறு உணர்வோம்? இனிப்பு தூண்டிலாகிவிட்டதாக அல்லவா எண்ணுவோம்? அல்லாஹ்வின் முகத்திற்காகவே உணவளிக்கிறோம், பிரதிபலனையோ நன்றியையோ நாடவில்லை என்ற மனநிலையைக் குர்ஆன் போற்றுகிறது. தஅவா செய்ய ஆயிரம் நேரிய வழிகள் உண்டு. நம் நடத்தை அவற்றுள் முதன்மையானது; அதற்கு அச்சகம் தேவையில்லை.

விலையுயர்ந்த பொருளும் வேண்டாம். இரண்டாயிரம் ரூபாய்ப் பரிசு, அடுத்த பெருநாளுக்கு அதே மதிப்பில் திருப்பித் தர வேண்டிய கடனை அவர்கள் தலையில் ஏற்றிவிடும். நடுத்தரக் குடும்பங்கள் வாழும் நம் தெருக்களில் அது அன்பைவிடச் சங்கடத்தையே வளர்க்கும்.

கொடுக்கும் முன் அறிந்துகொள்வதும் தேவை. கிறிஸ்தவர் அனைவரும் ஒரே வழக்கத்தினர் அல்லர். பெந்தெகொஸ்தே சபையினருள் கிறிஸ்துமஸையே கொண்டாடாதவர்கள் உண்டு. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினருள் புலால் உண்ணாதவர் பலர். கத்தோலிக்கருள் வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தவிர்ப்போர் உளர். ஷாஃபி, ஹனஃபி வேறுபாட்டைப் பிறர் அறியவில்லையே என்று நாம் வருந்துவது உண்டானால், பிறருடைய வேறுபாடுகளை அறியும் பொறுப்பும் நமக்கு உண்டு. ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்பதே அக்கறையின் அடையாளம்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் டிசம்பரில் ‘கிறிஸ் மா, கிறிஸ் சைல்டு’ விளையாட்டு நடைபெறுகிறது. சீட்டு எடுத்து, யாருக்கென்று வெளியிடாமல் பரிசு வைக்கும் விளையாட்டு. நம் பிள்ளை அந்தச் சீட்டோடு வீட்டுக்கு வரும்போது அதட்டி அனுப்பாதீர்கள்; எது நம் நம்பிக்கை, எது நம் பண்பு என்பதைப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பதற்குக் கிடைத்த வாய்ப்பு அது. ஈஸா (அலை) அவர்களை நாம் நபியாக நேசிக்கிறோம். அவர்களை இறைமகன் என்று நாம் சொல்வதில்லை. ஆனால் அவர்களை நேசிக்கும் உன் தோழியிடம் நீ நல்ல முறையில் நடக்க வேண்டும். இந்த மூன்று செய்திகளையும் பத்து வயதுக் குழந்தை விளங்கிக்கொள்ளும். இந்தத் தெளிவு இல்லாமல் வளரும் பிள்ளை, பின்னாளில் எல்லாவற்றிலும் கலந்து கரைந்துவிடலாம். அல்லது எல்லோரையும் வெறுத்து ஒதுங்கிவிடலாம். இரண்டுமே நாம் அஞ்ச வேண்டியவை.

பிள்ளைகளையே அன்பளிப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கச் செய்யுங்கள். எந்த வீட்டில் தொடங்குவது என்று கேட்டால், அதற்கும் நபிமொழி உண்டு. இரு அண்டை வீட்டாருள் யாருக்கு அன்பளிப்பு அனுப்புவது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, யாருடைய வாசல் உனக்கு மிக அருகில் உள்ளதோ அவருக்கு என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். எந்தச் சமயத்தாரின் வாசல் என்று அங்கே சொல்லப்படவில்லை. அடுக்ககத்தில் அந்த அளவு எட்டு அடிக்கு மேல் இராது.

ஒரு நாளோடு முடிவதன்று

ஆண்டுக்கொரு முறை தட்டு மாற்றிக்கொள்வதால் மட்டும் அண்டை உறவு நிலைத்துவிடாது. குழம்பு வைக்கும்போது தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது எந்தப் பண்டிகைக்கும் உரியதன்று. அன்றாட அடுப்புக்கு உரியது. டிசம்பரில் தயக்கம் எழுவதற்கே காரணம், மற்றப் பதினொரு மாதங்களில் நாம் ஒன்றும் கொடுக்காமல் இருப்பதுதானோ என்று எண்ணத் தோன்றுகிறது. மார்ச்சில் வெள்ளரிக்காயும் ஜூலையில் மாம்பழமும் போய் வந்துகொண்டிருந்தால், டிசம்பரில் போகும் தட்டு மற்றுமொரு தட்டாகவே இருக்கும். அதைப் பண்டிகைத் தட்டு என்று யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள்.

பிறையின் கணக்குச் சுழன்றுகொண்டே இருக்கிறது. 2030ஆம் ஆண்டின் இறுதியில் கிறிஸ்துமஸை ஒட்டியே ரமளான் பிறக்கும். ஒரு பால்கனியில் நட்சத்திரம் இறங்கும் முன்னரே, அடுத்த பால்கனியில் சஹர் விளக்கு எரியும். அவர்கள் கேக்கும் நம் கஞ்சியும் ஒரே வாரத்தில் படிக்கட்டில் ஏறி இறங்கும். அதற்குள் அந்தப் படிக்கட்டை நன்கு பழக்கப்படுத்தி வைப்பது நம் கையில் இருக்கிறது.

இவ்வாண்டு உங்கள் வாசலுக்கு மிக அருகிலுள்ள வாசல் எது என்று இன்றே எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டாருக்கு இந்த வாரம் என்ன தேவை என்று கேட்டறியுங்கள். சென்ற முறை வந்த தட்டு இன்னும் உங்கள் அலமாரியில் இருந்தால், அதில் பத்துப் பேரீச்சம்பழங்களை வைத்துத் திருப்பிக் கொடுங்கள்.

அண்டை வீட்டார் நம் தீங்கிலிருந்து அச்சமற்று இருக்கவும், நம் நன்மையில் பங்கு பெறவும் தகுந்த இல்லங்களாக நம் இல்லங்களை அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.